வார இறுதியில் ஐரிஷ் ஹார்ப்: ஒரே ஒரு மெட்டோடு வீடு திரும்புவது எப்படி

ஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தில் ஒரு வம்பு இருக்கிறது. வயலினை வாங்கி முதல் நாள் வில்லை இழுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஹார்ப்பில் யார் கை வைத்தாலும், விவரம் தெரியாத குழந்தை சும்மா அளைந்தாலும்கூட, கேட்க நன்றாகவே இருக்கும். அதனால் முதல் அரை மணி நேரத்திலேயே நமக்கு ஏதோ வந்துவிட்டது போலத் தோன்றும், அந்தத் தோற்றத்தை நம்பிக்கொண்டு இரண்டு நாள் பயிற்சி முகாமில் கண்ட மெட்டையும் பிடிக்கப் போவோம், திங்கட்கிழமை காலையில் ஒன்றும் கையில் இருக்காது. நான் போன முதல் முகாமில் ஐந்து மெட்டுகள் கற்றுக்கொண்டேன். வீடு வந்து உட்கார்ந்தபோது ஒன்றின் முதல் வரி மட்டும் ஞாபகம் இருந்தது, அதுவும் பாதி தப்பு. இரண்டாவது முறை ஒரே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டேன், அது இன்றுவரை கையில் இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பு முழுவதும் அந்த ஒரு மெட்டை எப்படிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான்.

முதலில் எந்த ஹார்ப் என்று தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். ஐரிஷ் ஹார்ப் என்ற பெயரில் இரண்டு வாத்தியங்கள் இருக்கின்றன. ஒன்று பழையது: உலோகக் கம்பி கட்டியது, நகத்தால் மீட்டுவது, ஐரிஷ் மொழியில் கிளார்ஷாக். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிரயன் போரு ஹார்ப் இந்த வகை. அயர்லாந்தின் யூரோ நாணயத்தில் இருப்பதும், 1862 முதல் கின்னஸ் பீர் லேபிளில் இருப்பதும் அதன் உருவம்தான். கின்னஸ் முந்திக்கொண்டு அதை முத்திரையாகப் பதிவு செய்துவிட்டதால் அரசாங்கம் தன் சின்னத்தில் அதை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டது என்பது அந்த ஊரில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் விஷயம். இன்னொன்று இன்றைக்குப் பரவலாக வாசிக்கப்படுவது: நைலான் அல்லது குடல் நரம்பு கட்டியது, விரல் நுனிச் சதையால் மீட்டுவது, ஒவ்வொரு தந்திக்கும் மேலே ஒரு சின்ன லீவர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளினில் ஜான் ஈகன் செய்த சிறிய ஹார்ப்புகளின் வழியில் வந்தது இது. தொடக்கநிலை வார இறுதி முகாம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த லீவர் ஹார்ப்தான். கம்பி ஹார்ப் வேண்டும் என்றால் அதற்கான பயிற்சி தனி, கில்கெனியில் கோடையில் நடக்கும் ஸ்கோல் நா க்ளார்ஷாக் அதற்கென்றே இருக்கிறது. லவுத் மாவட்டத்தில் டெர்மன்ஃபெக்கின் ஊரில் ஆன் கிரியனான் என்ற பழைய மாளிகையில் கார்டே நா க்ருட்சே அமைப்பு நடத்தும் கோடைப் பயிற்சியும் பெயர் போனது, ஆனால் அது ஒரு வார இறுதியில் முடிகிற சமாச்சாரம் இல்லை, பல நாள் தங்க வேண்டும். முதல் தடவைக்கு இரண்டு நாள் முகாம் போதும், விரல் அதற்கு மேல் தாங்காது.

ஹார்ப்பை விலைக்கு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். 34 தந்தி லீவர் ஹார்ப் நல்லதாக வேண்டும் என்றால் சில ஆயிரம் யூரோ ஆகும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 22 தந்தி ஹார்ப்பைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் லீவரைத் தூக்கினால் சுருதி அரைச்சுரம் ஏறாமல் எங்கேயோ நடுவில் போய் நிற்கும், தந்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஒரே சீராக இருக்காது, அதில் பழகிய கை வேறு ஹார்ப்பில் தடுமாறும். பதிவு செய்யும்போதே வாடகைக்கு ஹார்ப் கிடைக்குமா, முகாம் முடிந்த பிறகும் மாத வாடகைக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டுவிடுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். வீட்டில் வாத்தியம் இல்லாமல் முகாமுக்குப் போவது நீச்சல் கற்றுக்கொண்டு பாலைவனத்துக்குக் குடிபோவது மாதிரி.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை குறைவுதான். கிளிப் மாதிரி மாட்டும் டியூனர் (போனில் இருக்கும் செயலியும் ஆகும், ஆனால் பத்துப் பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் சுருதி சேர்க்கும்போது போனின் மைக் யாருடைய தந்தியைக் கேட்கிறது என்று அதற்கே தெரியாது), பதிவு செய்ய போன், நகவெட்டி. நகவெட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நைலான் தந்தியில் நகம் பட்டால் ஒரு கிறீச்சல் கேட்கும், அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். 1792இல் பெல்ஃபாஸ்ட்டில் கடைசி ஹார்ப் கலைஞர்களையெல்லாம் ஒன்றுகூட்டி வாசிக்க வைத்தபோது வந்தவர்களில் டெனிஸ் ஹெம்ப்சன் என்ற தொண்ணூறு தாண்டிய முதியவர் ஒருவர் மட்டும்தான் நீண்ட நகத்தால் பழைய முறையில் வாசித்தாராம். நீங்கள் ஹெம்ப்சன் இல்லை, உங்கள் ஹார்ப்பும் கம்பி ஹார்ப் இல்லை. ஒட்ட வெட்டிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் ஹார்ப்பைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துவிடுங்கள். வைக்கும் இடம் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, சன்னல் வெயிலிலும் கூடாது, காரிலேயே விட்டுவிட்டு வரவும் கூடாது. நான் இந்தக் கடைசித் தவற்றைச் செய்தேன். ராத்திரி குளிரில் காரில் கிடந்ததை மறுநாள் காலை சூடான அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனால், அங்கே மேசை வரைக்கும் பட்டென்று ஒரு சத்தம். யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள் என்று நினைத்தேன், போய்ப் பார்த்தால் மேல்பக்கத்துத் தந்தி ஒன்று அறுந்து சுருண்டு கிடந்தது. அதைக் கட்டிக் கொடுத்தார்கள், ஆனால் புதுத் தந்தி நைலானாக இருந்தால் இழுபட்டு நிலைக்கப் பல நாள் ஆகும், அந்த முகாம் முழுக்க அந்த ஒரு தந்தி மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை முதல் வேலை சுருதி சேர்ப்பது. 34 தந்தி, 34 ஆணி. பயமாகத்தான் இருக்கும். எல்லா லீவரும் கீழே இருக்க வேண்டும், இதை மறந்துவிட்டு ஒரு லீவரைத் தூக்கிய நிலையிலேயே சேர்த்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்கக் குழப்பம்தான். சிவப்புத் தந்தி எல்லாம் சி, கறுப்போ நீலமோ இருப்பது எஃப். 34 தந்தி ஹார்ப்பில் கீழிருந்து எண்ணினால் மூன்றாவது சிவப்புத் தந்திதான் பியானோவின் நடு சி, அதிலிருந்து தொடங்குங்கள். சுருதி சேர்க்கும் சாவியை ஆணியில் மாட்டும்போது எந்தத் தந்தியின் ஆணி என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு மாட்டுங்கள். டியூனரில் முள் அசையவே இல்லையே என்று திருகிக்கொண்டே போனால் பக்கத்துத் தந்தியைத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், இப்படித்தான் பாதித் தந்திகள் அறுகின்றன. கால் திருப்பு கூட வேண்டாம், மணிக்கட்டை லேசாக அசைத்தால் போதும்.

லீவர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், மற்றவர்கள் அரை நாள் தவிப்பார்கள். ஹார்ப்பில் பியானோ மாதிரி கறுப்புக் கட்டைகள் கிடையாது, ஒரு ஸ்தாயிக்கு ஏழே தந்திதான். லீவரைத் தூக்கினால் அந்தத் தந்தி அரைச்சுரம் ஏறும், அவ்வளவுதான். பெரும்பாலான லீவர் ஹார்ப்புகளை லீவர் எல்லாம் கீழே இருக்கும்போது ஈ ஃப்ளாட் மேஜரில் சேர்ப்பார்கள், சில ஆசிரியர்கள் தொடக்கக்காரர்களுக்கு சி மேஜரிலேயே சேர்க்கச் சொல்வார்கள், எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சி மேஜரில் சேர்த்த ஹார்ப் என்றால் எஃப் லீவர்களை மட்டும் தூக்கினால் ஜி மேஜர், அதோடு சி லீவர்களையும் தூக்கினால் டி மேஜர். ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு அமைப்பில் அடங்கிவிடும். ஜி மேஜர் அமைப்பில் ஜியை ஷட்ஜமாக வைத்தால் சங்கராபரணம், லீவரைத் தொடாமல் டியை ஷட்ஜமாக வைத்து வாசித்தால் ஹரிகாம்போதி, ஏயை வைத்தால் கரகரப்ரியா. நம்மூரில் கிரகபேதம் என்று சொல்வதேதான் இது. இந்த மூன்று சாயலும் ஐரிஷ் மெட்டுகளில் நிறைய வரும், எனவே ஆசிரியர் இது டோரியன், இது மிக்ஸோலிடியன் என்று சொன்னால் மிரள வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகள்தான், பெயர் மட்டும் வேறு. கமகத்தை மட்டும் மறந்துவிடுங்கள். ஒரு தந்திக்கு ஒரு சுரம், இழுக்கவும் முடியாது, வளைக்கவும் முடியாது. (நம்முடைய பழைய யாழிலும் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். அதில் எப்படிப் பண் பாடினார்கள் என்ற யோசனை ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது வரும்.)

லீவரைத் தூக்கும்போது எல்லா ஸ்தாயியிலும் தூக்குங்கள். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் மெட்டு சரியாக அந்தத் தந்தியைத் தேடிப் போய் மிதிக்கும்.

அடுத்தது உட்காரும் விதம். நாற்காலியின் உயரம் தப்பாக இருந்தால் மற்ற எல்லாம் தப்பாகும். ஹார்ப்பை மெதுவாகப் பின்னால் சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அதன் பாரம் கையில் தெரியாமல் போகும், அந்த இடத்தில் அது உங்கள் வலது தோளில் சும்மா சாய்ந்திருக்க வேண்டும். தோளில் கனம் தெரிந்தால் சாய்வு அதிகம், கையை விட்டதும் முன்னால் ஓடினால் சாய்வு போதாது. வலது கை மேல்சுரம், இடது கை கீழ்ச்சுரம். முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டாமல், முன்கைகள் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக. மடியில் வைக்கும் சின்ன ஹார்ப் கொடுத்தார்கள் என்றால் அதற்கு ஒரு முக்காலி கேட்டு வாங்குங்கள், மடியில் வைத்து வாசித்தால் இரண்டாவது மணி நேரத்தில் முதுகு பேச ஆரம்பித்துவிடும்.

இனி கை. கட்டை விரல் ஒன்று, ஆள்காட்டி இரண்டு, நடு விரல் மூன்று, மோதிர விரல் நான்கு. சுண்டு விரலுக்கு இந்த வாத்தியத்தில் வேலை இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். கட்டை விரல் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும், மற்ற விரல்கள் சற்றுக் கீழ்நோக்கி. இந்த ஒன்றை ஆசிரியர் அந்த இரண்டு நாளில் நூறு தடவையாவது சொல்வார், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் கடைசியில் ஹார்ப்பின் கழுத்தில் துண்டுத்தாள் ஒட்டி அதில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றைப் போட்டுவிட்டார். தந்தியைக் கொக்கி மாதிரி வெளியே இழுக்கக் கூடாது. விரல் நுனியின் சதையைத் தந்தியில் வையுங்கள், லேசாக அழுத்துங்கள், பிறகு விரலை உள்ளங்கைக்குள் மடக்குங்கள், ஒலி அந்த மடக்கலில் தானாக வரும். கட்டை விரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து படியும். மடக்காமல் விரல் அந்தரத்தில் நின்றால் ஒலி மெலிந்து போகும், கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டும் வலிக்கும்.

இதற்கு அடுத்ததுதான் ஹார்ப்பின் உண்மையான சூட்சுமம்: விரல்களை முன்கூட்டியே வைப்பது. வாசிக்கப்போகும் மூன்று சுரங்களுக்கும் மூன்று விரலையும் ஒரே சமயத்தில் தந்திகளில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக விட வேண்டும். ஒரு விரல் ஒலி எழுப்பும்போதே அடுத்த விரல் தன் தந்தியில் உட்கார்ந்திருக்கும். இது வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கலாம். வராவிட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் தந்தியைத் தேடித் தேடி வாசிப்பீர்கள், அது தட்டச்சு இயந்திரத்தில் ஒற்றை விரலால் அடிப்பது போலிருக்கும்.

பழக ஒரு மெட்டு சொல்கிறேன், பல தொடக்க முகாம்களில் இதைத்தான் கொடுப்பார்கள். ஷீ வெக், ஷீ வோர். சின்ன தேவதைக் குன்று, பெரிய தேவதைக் குன்று என்று பொருள். டர்லோ ஓ கரோலன் (1670–1738) இயற்றிய முதல் மெட்டு இது என்று சொல்வார்கள். பதினெட்டு வயதில் அம்மையில் கண்பார்வை போய், அதற்குப் பிறகுதான் ஹார்ப் கற்றுக்கொண்டு, ஒரு குதிரையும் ஒரு வழிகாட்டியுமாக ஊர் ஊராகப் போய் வாசித்தவர். டி மேஜர், மூன்று எண்ணிக்கை. டியை ஷட்ஜமாக வைத்து முதல் வரியைப் பாடிப் பாருங்கள்: ச ரி, கா ரி ச, ச சரி ச, பிறகு கீழே இறங்கி தா ப, கா ப. இப்போது வலது கையின் மூன்றாம் விரலை டியில், இரண்டை ஈயில், கட்டை விரலை எஃப்பில் வையுங்கள். முதல் இரண்டு அளவுகள் (மூன்று எண்ணிக்கை சேர்ந்தது ஓர் அளவு) முழுவதும் இந்த மூன்று தந்திகளைத் தாண்டவே இல்லை, கவனித்தீர்களா? கை நகரவே தேவையில்லை, விட்ட விரலை மறுபடி அதே தந்தியில் கொண்டுவந்து வைத்தால் போதும். அதற்குப் பிறகு தா என்று பி தந்திக்கு இறங்கும் இடம்தான் முதல் மேடு. அங்கே மூன்றாம் விரல் டியில் இருக்கும்போதே கட்டை விரலை அதற்கு மேலாகக் கடத்திக் கொண்டுபோய் பியில் வைக்க வேண்டும், இரண்டாம் விரல் ஏயில், மூன்றாவது கீழ் எஃப்பில். இந்த ஒரு கடப்பை மட்டும் மெட்டை விட்டுவிட்டுத் தனியாக இருபது முறை செய்யுங்கள். சத்தமே வேண்டாம், வைத்து எடுத்து, வைத்து எடுத்து. நான் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் ஸ்பூனுக்கும் முள்கரண்டிக்கும் நடுவே இதைச் செய்துகொண்டிருந்தேன்.

வைக்கும் விரல் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியைத் தொட்டால் ஒரு ரீங்காரம் கேட்கும். அது ஹார்ப்பின் கோளாறு இல்லை, மெதுவாக வைத்ததால் வருவது. தந்தி அதிரும்போது தயங்கித் தொடாமல், சட்டென்று உறுதியாக வைத்தால் போய்விடும்.

இடது கையைச் சனிக்கிழமை மாலைக்கு முன் தொடாதீர்கள். தொடும்போது சிக்கனமாக இருங்கள். டி தந்தியில் நான்காம் விரல், அதிலிருந்து ஐந்தாவது சுரமான ஏயில் இரண்டாம் விரல், மேல் டியில் கட்டை விரல்: ச, ப, மேல் ச. மூன்று எண்ணிக்கை மெட்டுக்கு இது கச்சிதம். ஜியிலிருந்தும் ஏயிலிருந்தும் அதே வடிவத்தை நகர்த்தினால் இந்த மெட்டுக்கு வேண்டிய துணையில் முக்கால்வாசி வந்துவிடும். எல்லா அளவையும் நிரப்ப நினைக்காதீர்கள். ஹார்ப்பில் மீட்டிய தந்தி தானாக நிற்காது, கீழ்த்தந்திகள் வெகுநேரம் கார்வை பிடிக்கும், அடுக்கிக்கொண்டே போனால் சாம்பாரில் ரசத்தை ஊற்றிய மாதிரி ஆகிவிடும். அளவுக்கு ஒரே ஒரு கீழ்ச்சுரம் வைத்தாலே மெட்டு எழுந்து நிற்கும். துணைச் சுரம் மாறும் இடத்தில் உள்ளங்கையைத் தட்டையாகக் கீழ்த்தந்திகளின் மேல் பதித்து எடுத்தால் பழைய ஒலி அடங்கும்.

பல முகாம்களில் தாள் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் கடைசியில்தான். ஆசிரியர் ஒரு துண்டு வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்பார்கள், அடுத்த துண்டு. நமக்குப் பாட்டு வகுப்பில் பழகிய முறைதான். பழைய ஹார்ப் கலைஞர்களில் பலர் பார்வையற்றவர்கள், காதுவழியாகத்தான் அந்த மெட்டுகள் வந்தன. பெல்ஃபாஸ்ட்டில் 1792இல் உட்கார்ந்து அவற்றை ஏட்டில் ஏற்றிய எட்வர்ட் பன்டிங்குக்கு அப்போது வயது பத்தொன்பது. அவர் அன்று எழுதியிராவிட்டால் அவற்றில் பல இன்று இல்லை. 2019இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஐரிஷ் ஹார்ப் வாசிப்பைச் சேர்த்தது. உங்களுக்கு இங்கே வேண்டியது இவ்வளவுதான்: முதலில் வாயால் பாடுங்கள், பிறகு கையை வையுங்கள். பாட வராத மெட்டு விரலுக்கு வராது. ச ரி க என்று எழுதிக்கொள்ள வெட்கப்படாதீர்கள், என் பக்கத்து அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு இது என்ன எழுத்து என்று கேட்டு, மதியத்துக்குள் அவரும் சரிகம பாடிக்கொண்டிருந்தார்.

விரல் நுனி சனிக்கிழமை மாலையே எரியும். ஒரே மூச்சில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வாசிக்காதீர்கள், கொப்புளம் வரும் போலிருந்தால் நிறுத்திவிடுங்கள், கொப்புளத்தோடு வாசித்தால் ஞாயிறு போய்விடும். வெந்நீரில் குளித்த கையோடு வாசிக்கவே கூடாது, ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். ராத்திரி கூடத்தில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது உங்கள் ஹார்ப்பைத் திறக்காமலேயே உட்கார்ந்து கேளுங்கள். அங்கே ஜிக், ரீல் என்ற வேகமான நடன மெட்டுகள் பறக்கும், நீங்கள் கூடவே ஓட முயன்றால் காலையில் பழகிய கை கெட்டுவிடும். நான் ஓடினேன். கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்றும் எடுக்காதீர்கள். ஆசிரியர் இரண்டாவது மெட்டைத் தொடங்கினால் போனில் பதிவு செய்துகொண்டு, உங்கள் கையில் பழைய மெட்டையே சத்தமில்லாமல் விரல் வைத்துப் பழகுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் மூன்று பதிவுகள் வாங்கிக்கொள்ளுங்கள்: ஆசிரியர் முழு மெட்டையும் உரிய வேகத்தில் ஒருமுறை, பாதி வேகத்தில் ஒருமுறை, அப்புறம் கைகள் மட்டும் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ. இந்த வீடியோவை வலது பக்கத்திலிருந்தும் இடது பக்கத்திலிருந்தும் எடுங்கள், ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால் மற்றக் கை தந்திகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். எனக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இன்றுவரை என் இடது கையின் இரண்டாம் பகுதி நானாகக் கட்டியதுதான்.

வாடகை ஹார்ப் வீட்டுக்கு வந்துவிட்டால் அன்றிரவே உறையைக் கழற்றி, நீங்கள் தினமும் கடந்து போகும் இடத்தில் நிறுத்துங்கள். மூலையில் உறையோடு நின்றால் அது ஒரு தளவாடம். மறுநாள் காலை சுருதி இறங்கியிருக்கும், இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நடு ஸ்தாயியை மட்டும் சேர்த்துக்கொண்டு, டி, ஈ, எஃப் மூன்றிலும் விரலை வைத்து, முதல் இரண்டு அளவுகளை வாசியுங்கள். எஃப் லீவரைத் தூக்கினீர்களா?